ஏறாத சக்தி

அக்காவின் ரத்தத்தில் வைரஸ் மறுபடியும் தெரிகிறது என்ற முடிவு கொழும்பிலிருந்து வந்த காலையில், டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் கிளினிக்கில் கதவைச் சாத்தினால் குளிர் குறையாது, வெளி வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்குப் பயம்தான் கூடும். ஆனாலும் சாத்தினேன்.

"இது அவங்க ரத்தம்தானா? மாறிப் போயிருக்காதா?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். திரும்பப் பார்க்கச் சொன்னேன். அதேதான்."

டாக்டர் மேசையில் முழங்கையை ஊன்றிக் கண்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவர் சிங்களப் பெண். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம், என்னைத் தங்கச்சி என்ற பொருளில் நங்கி என்பார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார். "என்ன நடந்ததுன்னு கேட்டுச் சொல்லுங்க, நங்கி. திட்டாமக் கேளுங்க" என்றார்.

அக்கா என்று நான் சொல்வது டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணை. என்னைவிட மூத்தவர், அதனால் முதல் நாளிலிருந்தே அக்கா. அவருடைய புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். மாதக்கணக்கில் இருமி, உடம்பு குச்சியாகி ஊருக்கு வந்து செத்துப்போனார். டீ.பி. என்று தோட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டீ.பி.யும் இருந்தது, ஆனால் அதற்கு இடம் கொடுத்தது எச்.ஐ.வி. அதை ஆஸ்பத்திரியில் ரகசியமாகச் சொல்லி, அக்காவையும் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்படித்தான் அவர் எங்களிடம் வந்தார். ஒரே மகள் கல்யாணம் முடித்துக் கினிகத்தேனைப் பக்கம் இருந்தாள். அவளுக்கும் சொல்லவில்லை.

நான் நர்ஸ் இல்லை. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, இந்த ஆராய்ச்சிக்குத் தமிழ் பேசத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றபோது வந்து சேர்ந்தவள். மருந்து தொடங்கியவர்களின் உடம்பு எப்படித் தேறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையைத் தினமும் ஒன்று விழுங்கினால் போதும், வைரஸ் ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அடங்கியபின், அது அழித்த வெள்ளை அணுக்கள் மெல்ல மெல்லத் திரும்பவும் பெருகும். பெரும்பாலானவர்களுக்குப் பெருகும். சிலருக்கு மட்டும் வைரஸ் அடங்கியும் அணுக்கள் ஏறுவதில்லை. ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தச் சிலரில் அக்கா ஒருவர். மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாதவர், வைரஸ் சுத்தமாக அடங்கியவர், ஆனால் அணுக்கள் மட்டும் அடியிலேயே கிடந்தன. டாக்டருக்கு அவருடைய ரத்தம் மிகவும் முக்கியம். பஸ்ஸில் குலுங்கி வந்து, வழக்கமான பரிசோதனைக்குக் கொடுப்பது போக ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம்.

இந்த அணுக்களைத் தமிழில் என்ன சொல்லி விளக்குவது என்று தொடக்கத்தில் நான் நிறையத் தடுமாறினேன். நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி வைத்தேன். அது கிளினிக்கில் வெறும் சக்தி என்று சுருங்கிவிட்டது. "இந்தத் தடவ சக்தி ஏறியிருக்கா மிஸ்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அக்காவும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் அதே பதிலைச் சொல்வேன். "வைரஸ் அடங்கித்தான் இருக்கு அக்கா. சக்திதான் கொஞ்சம் மெதுவா..." அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குச் சொல் கிடைத்ததே இல்லை. அவரும் தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிக்கொள்வார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருக்குச் சீனி நோய் என்று பெயர். அவரே கட்டிவிட்ட பொய் அது. மாதாமாதம் லீவு போட்டு டவுன் கிளினிக்குக்குப் போவதற்கும், தினம் மாத்திரை போடுவதற்கும் யாரும் கேள்வி கேட்காத காரணம் ஒன்று தேவைப்பட்டது. பொய்யைச் சொன்னபின் அதன்படி வாழவேண்டியிருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி. தீபாவளிக்கு அதிரசம் கிடையாது. பொங்கல் பானையில் அவருக்குத் தனியாக உப்புப் பொங்கல். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள், "சீனிக்கார அக்காவுக்குக் கேசரி வைக்காதீங்க" என்று இலைக்கு மேலாலேயே கையை எடுத்துக்கொண்டு போவார்களாம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கிளினிக்குக்கு வரும் நாட்களில் நாங்கள் கொடுக்கும் தேத்தண்ணியில் நிறையச் சீனி போட்டுக் குடிப்பார்.

அவருக்குப் போன் எடுப்பதும் சுலபமில்லை. சத்தமாகப் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். "சீனிக் கிளினிக்குல இருந்து பேசுறேன் அக்கா, ஒரு தரம் வந்துட்டுப் போங்க" என்றேன். "தேதி இன்னும் வரலயே" என்றார். "பரவாயில்ல, வாங்க." "சரிங்க மிஸ்" என்று வைத்துவிட்டார்.

மழையோடுதான் வந்தார். சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, நான் காட்டிய நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முகம் வற்றியிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

"அக்கா, மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன்."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"போடல" என்றார்.

கதை சிறிது சிறிதாகத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வெளியூர்க்காரர்கள் மருத்துவ முகாம் வைத்திருக்கிறார்கள். பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள் என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா போகாமல் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே இருந்திருக்கிறார். ஆனால் சீனி உள்ளவர்களை முதலில் பார்ப்போம் என்று முகாம்காரர்கள் அறிவித்ததும், லயத்துப் பெண்கள் ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்துக் காம்பரா மதினிதான் முன்னால் நின்றாராம்.

மதினி பற்றி எனக்கு முன்பே தெரியும், அக்காவின் பேச்சில் அடிக்கடி வருபவர். சொந்த மதினி இல்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்து வந்ததில் முறை ஒட்டிக்கொண்டது. அவருக்கு உண்மையாகவே சீனி நோய். கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது.

"வெரல்ல குத்திப் பாத்தாங்க மிஸ். அந்தப் புள்ள, சின்ன டாக்டரு, மெஷினப் பாத்துட்டுச் சிரிக்கிது. 'அம்மா ஒங்களுக்குச் சீனியே இல்லையே, எனக்கு இருக்கிற அளவுதான் இருக்கு, என்ன மருந்து போடுறீங்க, நல்லாக் கட்டுப்பாடா வச்சிருக்கீங்க'ன்னு சத்தமாச் சொல்லுது. எனக்குப் பின்னால மதினி நிக்கிறாங்க. அவங்களுக்குப் பாத்தா மலை மாதிரி ஏறிக் கெடக்கு."

அன்று சாயங்காலமே மதினி வந்துவிட்டார். என்ன மாத்திரை என்று கேட்டார். ஒரே ஒரு மாத்திரையா என்று கேட்டார். தனக்கு டிஸ்பென்சரியில் கொடுப்பது கை நிறைய இருந்தும் ஒன்றும் குறையவில்லை என்று அழுதார். அடுத்த நாள் கொழுந்து மலையில் கேட்டார். அதற்கடுத்த நாள் பீலியடியில், தண்ணீர் பிடிக்கும்போது கேட்டார். டாக்டர் ஏசுவார் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்று சொல்லிப் பார்த்தார். லயத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது. கால் அழுகிற ஒருத்திக்கு ஒரு மாத்திரை கொடுக்க மனசில்லாதவள் என்றார்கள். கொழுந்தெடுக்க மலையில் நிரை பிடிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"அதனால மாத்திரைய நிப்பாட்டிட்டேன்னு சொன்னேன் மிஸ். எனக்குத்தான் கொணமாயிருச்சே, இனி மாத்திர இல்லன்னு சொன்னா வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். சொன்னபெறகு எப்படிப் போடுறது? சொவத்துல ஓட்டை இருக்கு, போத்தல் குலுங்குற சத்தம்கூடக் கேக்கும். சரி, பேச்சு அடங்குற மட்டும் போடாம இருப்போம்னு..." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதோட, எத்தன வருசமாப் போட்டும் சக்தி ஏறவே இல்லைன்னு நீங்களும்தான் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. ஏறாததுக்கு எதுக்கு முழுங்கணும்? அலுத்துப் போச்சு மிஸ்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். மாத்திரை சக்தியை ஏற்றாவிட்டாலும் இருக்கிற கொஞ்சத்தையும் தின்னவிடாமல் காக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் பெரிய நோயில்லாமல் மலைக்குப் போய் வருகிறீர்கள் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். கடைசியில், எழுந்திருக்கும் நேரத்தில் கேட்டேன்.

"அப்போ போன தடவ வாங்கிட்டுப் போன புதுப் போத்தல் அப்படியே இருக்கா அக்கா? அதுலயிருந்தே இன்னைக்கு ராவே தொடங்கிறலாம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இப்போதுதான் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது.

"இல்ல மிஸ். குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"மதினிக்கு. ஒனக்குத்தான் வேணாமே, எனக்குக் குடேன் புள்ளன்னு வந்து வாசப்படியில உக்காந்துட்டாங்க. கால நீட்டிக் காட்டுறாங்க. வேற என்ன சொல்லட்டும்? போன கெழம குடுத்தேன்."

"அவங்க போடுறாங்களா?"

"போடுறாங்க. ரெண்டு நாளா வாந்தி. வவுத்தாலயும் போகுது. மருந்து வேல செய்யுதுன்னு சொல்றாங்க."

நான் ஓடித்தான் டாக்டரிடம் போனேன். அவருடைய முகத்தில் தூக்கம் கலைந்ததுபோல ஒரு மாற்றம். எச்.ஐ.வி. இல்லாத ஒருவர் அந்த மாத்திரையைச் சில நாள் விழுங்கினால் பொதுவாகப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் சீனிக்குக் கொடுக்கும் மாத்திரையோடு அது சேரும்போது, சீனி மாத்திரை உடம்பைவிட்டு வெளியேறாமல் தேங்கும். சிறுநீரகம் ஏற்கனவே கெட்டிருந்தால் நிலைமை மோசமாகும். "அந்த அம்மாவை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு அங்க உள்ள டாக்டருக்குத் தெரியணும்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்தத் தோட்டத்திலிருந்து எங்களிடம் வருவது அக்கா ஒருவர்தான். பெயரை மறைத்துச் சொல்ல வழியே இல்லை.

நாங்கள் இருவரும் அக்காவிடம் போனோம். டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் தான் பேசிக்கொள்வதாகவும், அவர் விஷயத்தை வெளியே விடமாட்டார் என்றும் சொன்னார். ஆனால் அதற்கு முன் மதினி அந்தப் போத்தலைக் கீழே வைக்கவேண்டும். ஏன் வைக்கவேண்டும் என்று யாராவது சொல்லவேண்டும். "நீங்க அனுமதிச்சா நாங்க போன்ல சொல்றோம். இல்லன்னா வேற வழி யோசிப்போம்" என்றார்.

அக்கா மழையைப் பார்த்தார். "போன்ல சொன்னா அவங்க வீட்டுல எல்லாருந்தான் கேப்பாங்க" என்றார். பிறகு, "நானே போய்ச் சொல்றேன். மிஸ் மட்டும் கூட வரட்டும்."

பங்கேற்பவர்களின் வீட்டுக்கு நாங்கள் போகக் கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆராய்ச்சியை இப்போ விடுங்க. போயிட்டு வாங்க" என்றார். அக்காவுக்குப் புதுப் போத்தல் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்.

தலவாக்கலையில் இறங்கி டயகம பஸ்ஸைப் பிடித்தோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், நிற்க இடமில்லை. லிந்துலை தாண்டித்தான் இருக்கை கிடைத்தது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று அக்கா என்னிடம் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். வளைவுகளில் தலை என் தோளில் வந்து இடித்தது. மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், தூக்கத்திலும் பிடி தளரவில்லை. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. அக்கரப்பத்தனையில் பனி இறங்கி ஜன்னலை மூடியது. எனக்கும் தூக்கம் வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

லயத்தில் மதினி கட்டிலில் சுருண்டு கிடந்தார். பெரிய உடம்புக்காரர், ஆனால் முகம் சுருங்கிப் போயிருந்தது. காலில் துணி சுற்றியிருந்தது. மருமகள் வாசலில் நின்று, "நேத்துல இருந்து ஒண்ணும் வவுத்துல தங்கல" என்றாள். "இவங்க டவுன் கிளினிக்கு மிஸ்ஸு, மதினியப் பாக்க வந்திருக்காங்க. நீ போயி ஆட்டோ ஒண்ணு கூப்புடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று அக்கா அவளை அனுப்பினார். கதவைச் சாத்தினார். அந்தக் காம்பராவில் மண்ணெண்ணெய் மணமும் புண்ணின் மணமும் கலந்திருந்தது.

"மதினி, அந்த மாத்திர இனிப் போடாதீங்க."

"ஏன் புள்ள? வேல செய்யுது."

"அது சீனி மாத்திர இல்ல."

மதினி தலையைத் தூக்கினார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். சத்தம் போடாமல், பக்கத்துச் சுவருக்குக் கேட்காத குரலில், புருஷன் எதனால் செத்தார் என்பதிலிருந்து தொடங்கினார். எனக்கு உதவி செய்ய இடமே வைக்கவில்லை. நோயின் பெயரையும் சொல்லிவிட்டார்.

மதினி முதலில் என்னைப் பார்த்தார். "அத முழுங்குனதுனால எனக்கும் வந்துருமா?"

"வராதும்மா. அது நோயை அடக்குற மருந்து. மருந்துல நோய் இல்ல. ஆனா ஒங்க சீனி மாத்திரையோட சேந்தா உடம்புக்கு ஆகாது, அதான் வாந்தி. இப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாச் சரியாக்குவாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அப்ப ஒனக்குச் சீனியே இல்லையா?"

"இல்ல மதினி."

"என் மகன் கல்யாணத்துல ஒரு வாய் கேசரி திங்கலயேடி நீ."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. நோய் இருக்கிறது என்று தெரிந்த நாளில்கூட அழவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதினி கையை நீட்டவில்லை, ஏசவும் இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். ஆட்டோ வந்தது. மூன்று பேருமாக அவரைத் தூக்கி ஏற்றினோம்.

மதினி பிழைத்துக்கொண்டார். உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீரகமும் கொஞ்சம் கெட்டிருந்தது. ஒரு வகையில் அந்த வாந்தி நல்லதுக்குத்தான் வந்தது என்று அங்கிருந்த டாக்டர் போனில் சொன்னாராம். இல்லாவிட்டால் அந்தப் புண்ணை அவர் ஆஸ்பத்திரியில் காட்டியே இருக்கமாட்டார். பெருவிரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றினார்கள். டிஸ்பென்சரி மாத்திரைகள் போய் ஊசி மருந்து வந்தது.

மதினி அக்காவின் நோயைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இதை அக்கா பிறகு வந்து சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். "லயத்துல மதினி என்ன சொல்லி வச்சிருக்காங்க தெரியுமா மிஸ்? அவளுக்குச் சீனி திரும்ப ஏறிருச்சு, மறுபடி மாத்திர போடுறா, மெஷினு பொய் சொல்லிருச்சுன்னு. யாராவது என்னையப் பத்திப் பேசுனா மதினிதான் சண்டைக்குப் போறாங்க."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான்." சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார். "ஆனா எங்க வீட்டுல கை நனைக்கிறதில்ல. முன்னெல்லாம் கறிச்சட்டியத் தெறந்து அவங்களே போட்டுத் திம்பாங்க. இப்ப நான் குடுத்தா வாங்கிக்கிறாங்க, வாங்கி வச்சிர்றாங்க. காலையில கோழிக்குப் போடுறதப் பாத்தேன்."

ஒன்றாகச் சாப்பிடுவதால் நோய் வராது என்று மதினிக்கு விளக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மிஸ். அவங்க வாய அடக்கி வச்சிருக்காங்க. கையையும் சேத்துக் கேக்க முடியாது" என்றார்.

மாத்திரையை அவர் மறுபடி ஒழுங்காகப் போடத் தொடங்கியதும், அடுத்தடுத்த பரிசோதனைகளில் வைரஸ் அடங்கியது. சக்தி முதலில் இன்னும் கீழே போயிருந்தது. இருமல் வந்து, டீ.பி.யோ என்று பயந்து, நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்து, இல்லை என்றானது. பிறகு சக்தி பழைய இடத்துக்கு ஊர்ந்து வந்து அங்கேயே நின்றது. மலைக்குப் போவதைவிட்டு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உதவி வேலைக்குக் கேட்டுப் பார்க்கச் சொன்னோம். சின்னப் பிள்ளைகளிடம் தொற்றும் சளியும் காய்ச்சலும் தனக்கு ஆகாது என்று அவரே மறுத்துவிட்டார். கொழுந்துதான் எடுக்கிறார்.

ஆராய்ச்சியிலிருந்து அவரை நீக்கவேண்டியதாயிற்று. மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் அதில் தொடர முடியாது. நிறுத்தும்வரை எடுத்த ரத்த முடிவுகள் சேரும், அதற்குப் பிறகு அவர் இல்லை. கொழும்பில் பேசி அதை மாற்றமுடியுமா என்று டாக்டர் முயன்று பார்த்தார். முடியவில்லை. "வைரஸ் அடங்கியும் ஏன் ஏறலன்னு இவங்களை வச்சு ஏதாவது தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார் என்னிடம். "இப்போ கேட்டா, மருந்தை விட்டதாலதான் ஏறலன்னு சொல்லுவாங்க. அதுக்கு முந்தின வருஷங்களை யார் பார்க்கப் போறா?" ஜன்னலைத் திறந்து, குளிர் அடித்ததும் மூடினார். பிறகு, முகாமில் பரிசோதனை செய்த அந்த இளம் டாக்டரைப் பற்றி யோசித்ததாகச் சொன்னார். அந்தப் பிள்ளை செய்ததில் ஒரு பிழையும் இல்லை. ரத்தத்தில் சீனி இல்லை, இல்லை என்று சொன்னது, அவ்வளவுதான்.

நீக்கியதை அக்காவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. மருந்து நிற்காது, டாக்டர் எப்போதும்போலப் பார்ப்பார், கூடுதல் ரத்தம் மட்டும் இனி எடுக்கமாட்டோம் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஊசி குத்துவது அவருக்குப் பிடிக்காது.

"அப்ப நீங்க என்னையக் கேள்வி கேக்க மாட்டீங்களா?"

"என்ன கேள்வி அக்கா?"

"தூக்கம் வருதா, பசி எடுக்குதா, மனசு எப்படி இருக்குன்னு. ஒவ்வொரு தடவையும் கேப்பீங்களே."

அவை ஆராய்ச்சிக்காகக் கேட்கும் கேள்விகள். பதில்களை ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணாக மாற்றிக் கணினியில் ஏற்றுவோம். நான் கேட்கும்போது அவர் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொல்வார். எந்த எண்ணில் போடுவது என்று தெரியாமல் நான் நடுவில் இருப்பதைப் போட்டுவிடுவேன்.

"நீங்க வர்ற அன்னைக்கு நான் சும்மா கேக்கிறேன்" என்றேன்.

"நேரம் இருக்குமா ஒங்களுக்கு?"

வெளி வாங்கு நிறைந்திருந்தது. இருக்கும் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை எடுத்த ரத்தத்தை எல்லாம் என்ன செய்வார்கள் என்று கேட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் கேட்டு வந்தேன். கொழும்பில் உறைய வைத்திருக்கிறார்கள், வைத்திருப்பதா அழித்துவிடுவதா என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான் என்று சொன்னேன்.

"ஐஸ்லயா இருக்கு?"

"ஐஸவிடக் குளிர்ல."

"கொட்டிற வேணாம்னு சொல்லுங்க மிஸ். எனக்கு ஏறாட்டியும் வேற யாருக்காவது ஏறுனாச் சரி." தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். மாத்திரைப் போத்தலைப் பைக்குள் வைத்து, அதற்கு மேல் கீரைக் கட்டொன்றை வைத்து மூடினார். மத்தியானப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார்.

அவர் போனபின் டாக்டரின் குரல் கேட்டது. வாங்கில் முதலில் இருந்தவரை உள்ளே வரச் சொன்னேன்.